தாத்தா பத்திரத்தில் திருவிதாங்கூர் என்று இருக்கிறதே, அப்படியானால் புளியறை கேரளாவா?

தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாத்தா வயல் வாங்கிய பழைய பத்திரம் ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடைத்திருக்கிறது. தேதி 'கொல்லம் 1110 தை'. இடம் 'திருவிதாங்கூர் சமஸ்தானம், செங்கோட்டைத் தாலுகா, புளியறைப் பகுதி'. நான்கெல்லையில் ஓரிடத்தில் 'சர்க்கார் ரிசர்வ் காட்டுக்குக் கிழக்கு'. இதைப் படித்துவிட்டுப் பெரியப்பா, நம் ஊர் கேரளாவாக இருந்தது, பிறகு தமிழ்நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், நம் நிலம் மட்டும் காட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவிலேயே மாட்டிக்கொண்டது, நமக்கு அநியாயம் நடந்துவிட்டது என்கிறாராம். ஊரை யார், யாருக்கு, எப்போது கொடுத்தார்கள், நிலம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பின்னால் நாம் தமிழரா மலையாளிகளா என்ற இன்னொரு கேள்வியும் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பதில் பத்திரத்தில் எழுதியிருக்காது. மற்றதற்குச் சொல்லலாம்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை. முப்பத்தைந்து வருஷம் இந்தப் பக்கத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். புதுப் பத்திரம் எழுத வேண்டுமானால் மூலப் பத்திரத்தைப் படித்தாக வேண்டும், அப்படித்தான் சமஸ்தான காலத்துக் காகிதங்கள் பழக்கமாயின. மலையாள எழுத்தைத் தட்டுத்தடுமாறி வாசிப்பேன். வட்டெழுத்து வந்தால் கையை விரித்துவிடுவேன். ஆகவே பதிவான காகிதத்தைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ராஜா காலத்துச் சண்டைகளைப் பற்றிச் சொல்வது படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் தேதி. 1110 என்று பார்த்ததும் வீட்டில் யாராவது தொள்ளாயிரம் வருஷத்துப் பத்திரம் என்று கிளப்பியிருப்பார்கள். என்னிடம் ஒருவர் மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்கு வைப்பதுபோல் பூ வைத்துக் கொண்டுவந்தார். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824-ஐயும் ஜனவரிக்கு மேல் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும். உங்கள் 1110 தை என்பது 1935 ஜனவரிப் பக்கம். கொல்லம் என்று போட்டிருப்பதால் அது மலையாளப் பத்திரம் என்றும் ஆகிவிடாது. திருநெல்வேலிச் சீமை முழுக்க, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஊர்களில்கூட, ஜாதகத்திலும் கோயில் கணக்கிலும் கொல்லம் ஆண்டு போடுவது வழக்கம்தான். இன்னொன்றைக் கவனியுங்கள். எழுதியவர் மலையாள மாதப் பெயராக மகரம் என்று எழுதவில்லை, தை என்று எழுதியிருக்கிறார். எழுதிய கை தமிழ்க் கை.

சரி, ஊருக்கு வருகிறேன். புளியறை ஒரு நாள்கூடக் கேரளாவில் இருந்ததில்லை. இதைச் சொன்னால் பெரியப்பா சண்டைக்கு வருவார், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேரளா என்ற மாநிலம் பிறந்தது 1956 நவம்பர் 1. செங்கோட்டைத் தாலுகாவின் கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் அதே நாள். கேரளா பிறந்த பொழுது நாம் அதில் இல்லை. அதற்கு முன் 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திரு-கொச்சி. அதற்கும் முன் திருவிதாங்கூர் சமஸ்தானம், ராஜாவின் நாடு. அதில் மலையாளம் பேசினவர்களும் இருந்தார்கள், நாஞ்சில் நாட்டிலும் நம் பக்கமும் தமிழ் பேசினவர்களும் இருந்தார்கள். 'திருவிதாங்கூர்' என்று எழுதியிருப்பதைக் 'கேரளா' என்று வாசிப்பது, சென்னை ராஜதானி என்று எழுதியிருக்கும் பழைய மலபார்ப் பத்திரத்தைக் காட்டிக் கோழிக்கோடு தமிழ்நாட்டில் இருந்தது என்று சொல்வது மாதிரி.

மலைக்குக் கிழக்கே இருக்கிற இந்தத் துண்டு எப்படித் திருவிதாங்கூருக்குப் போனது என்பது நியாயமான கேள்வி. கொட்டாரக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட இளையிடத்து சுரூபம் என்ற சிற்றரசின் கையில் செங்கோட்டை இருந்தது. 1740-களில் மார்த்தாண்ட வர்மா அந்தச் சிற்றரசை விழுங்கியபோது செங்கோட்டையும் சேர்ந்து போனது. பிறகு ஆற்காட்டு நவாப்புக்கும் திருவிதாங்கூருக்கும் களக்காட்டுக்காக நெடுநாள் இழுபறி. 1760-களில் ஒரு சமரசம் ஆனது. திருவிதாங்கூர் களக்காட்டை விட்டுக்கொடுத்தது, செங்கோட்டை அதற்கே என்று ஆனது. இது புத்தகங்களில் இருப்பது. பாண்டியன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தான், அப்படித்தான் போனது என்று எங்கள் ஆச்சி சொல்வாள். இந்தச் சீதனக் கதையை எல்லையோரத்தில் பாதி ஊர்களுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் நான் அதைக் கதையாகவே வைத்திருக்கிறேன்.

நடப்பில் இதனால் என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு ருசியான பகுதி. செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் எட்டு கிலோமீட்டர் சொச்சம். அந்த எட்டு கிலோமீட்டருக்குள் காசு மாறும், தபால் மாறும், சட்டம் மாறும். உங்கள் பத்திரத்தில் விலையை எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சமஸ்தானத்துக் கணக்கில் 'சர்க்கார் ரூபாய்' என்றா, 'பிரிட்டிஷ் ரூபாய்' என்றா? 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். அரைச் சக்கரம்தானே என்று விட்டுவிட மாட்டார்கள். எந்த ரூபாய் என்று தெளிவாக எழுதாத பத்திரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை, ஏனென்றால் தென்காசிச் சந்தையில் நெல் விற்ற காசு ஒன்று, செங்கோட்டையில் கரம் கட்டுகிற காசு வேறு. கரம் என்றால் நிலவரி, நம் பக்கத்துத் தீர்வை. இப்படி வார்த்தைகளும் இரண்டு இரண்டு. நாம் பத்திரம் என்பதை அவர்கள் ஆதாரம் என்பார்கள். நமக்குப் பட்டா மாறுதல், அவர்களுக்குப் போக்குவரவு. தண்டப்பேர் என்று ஒரு எண் போட்டிருக்கும், கிட்டத்தட்ட நம் பட்டா எண் மாதிரி. உங்கள் பத்திரத்தில் இருக்கிற 'பகுதி' என்பதும் சும்மா ஏரியா என்ற அர்த்தத்தில் வருவது இல்லை. அது சமஸ்தானத்தின் வருவாய்க் கிராமத்துக்குப் பெயர். இன்றைக்கு தபால் துறைக்கு அஞ்சல் துறை என்கிறோமே, அந்த 'அஞ்சல்' என்ற பெயரில் திருவிதாங்கூருக்குச் சொந்தத் தபாலே இருந்தது. 1951-இல்தான் அது இந்தியத் தபாலோடு கலந்தது.

ஆரியங்காவுக் கணவாயில் சுங்கச் சவுக்கை, அதாவது சோதனைச் சாவடி இருந்தது. 1865-இல் பிரிட்டிஷாரும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பெரும்பாலான சுங்கம் போய்விட்டது, ஆனாலும் புகையிலை மேல் வரி தொடர்ந்தது. புகையிலை எந்த வழியாக மலை ஏறியது என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டியதில்லை, பிற்காலத்தில் ரேஷன் அரிசி எந்த வழியாக ஏறியதோ அதே வழிதான். 1904-இல் கொல்லம் ரயில் பாதை மலையைக் குடைந்துகொண்டு செங்கோட்டைக்கு வந்தது. வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் வேலை பார்த்தது மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில் என்பது பலருக்குத் தெரியாது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர் சட்டப்படி சமஸ்தானத்து ஆள், சுட்ட இடம் பிரிட்டிஷ் எல்லை.

சமஸ்தானத்தில் இருந்ததால் நமக்கு நஷ்டம் மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் போட்டார். சர்க்கார் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தன. சென்னை ராஜதானியில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939-இல். நடுவிலே இரண்டரை வருஷத்துக்கு மேல், சமஸ்தானத்துக் கோயிலுக்குள் போக உரிமை பெற்ற மனிதர் கிழக்கே ஒரு மணி நேரம் நடந்தால் அந்த உரிமை சட்டத்தில் இல்லாமல் போயிற்று. எல்லைக்கோட்டின் மகிமை! பிரகடனம் வந்த மறுநாளே ஊரில் எல்லாரும் சந்தோஷமாக உள்ளே போனார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், சட்டம் வேறு, தெரு வேறு.

இனி 1956. சமஸ்தானம் போனதும் கொச்சியோடு சேர்ந்த மாநிலத்தில் தமிழர் இன்னும் சிறிய சிறுபான்மை ஆனார்கள். பள்ளிக்கூடத்திலும் சர்க்கார் ஆபீசிலும் மலையாளம்தான் என்ற மனக்குறை வளர்ந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இதை முன்னெடுத்தது. தெற்கே மார்ஷல் நேசமணி, நம் பக்கம் சட்டநாத கரையாளர். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பட்டம் தாணுப் பிள்ளை ஆட்சியின் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அது நடந்தது தெற்கே விளவங்கோட்டுப் பக்கம், புளியறையில் இல்லை. இங்கே வந்து சுட்டதாக யாராவது சொன்னால் இரண்டு ஊரின் நினைவு ஒன்றாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த வருஷம் ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்தது. தமிழர்கள் கேட்ட தேவிகுளம், பீர்மேடு சென்னைக்குக் கிடையாது என்றது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை சென்னைக்கு என்றது. தெற்கு நாலு தாலுகாவும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது, இப்போது 2019 முதல் தென்காசி மாவட்டம்.

ஆகவே 'கேரளா கொடுத்தது' என்பது தவறு, கொடுப்பதற்குக் கேரளா அப்போது இல்லை. கேட்டது இங்கே இருந்த மக்கள், எழுதியது பாராளுமன்றம் போட்ட சட்டம். ஆனால் பெரியப்பா அநியாயம் என்கிறாரே, அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆணையம் சொன்னது தாலுகா முழுவதையும். கடைசியில் வந்தது முழுத் தாலுகா இல்லை. இரு மாநிலமும் உட்கார்ந்து பேசிக் கோடு போட்டபோது செங்கோட்டைத் தாலுகா இரண்டாக வெட்டுப்பட்டது. மலை முகட்டுக்குக் கிழக்கே இருந்த வயலும் ஊரும் இங்கே. மேற்கே ஆரியங்காவு, அச்சன்கோவில், தென்மலை, கழுத்துருட்டி, காடும் தோட்டமும், பத்தனாபுரம் தாலுகாவோடு சேர்ந்து அங்கேயே நின்றுவிட்டன. மொழியைக் கேட்டுப் போட்ட கோடாக எனக்கு இது தெரியவில்லை, தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்துப் போட்ட கோடாகத் தெரிகிறது. ஆரியங்காவில் விழும் மழை கல்லடையாற்றுக்குப் போகும். பகவதிபுரத்தில் விழுவது சிற்றாற்றுப் பக்கம் வரும். புளியறை எஸ் வளைவில் ஏறி கோட்டைவாசல் போனால் இன்றைக்கும் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஜூலையில் இந்தப் பக்கம் சாரல் தூறும், வளைவு தாண்டினால் மழை கொட்டும். காட்டை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சுவார்த்தையின் உள்ளடக்கம் என்பது என் அபிப்பிராயம். பேசியவர்கள் மனதில் புகுந்து நான் பார்க்கவில்லை.

கோட்டுக்கு மேலே நின்றுவிட்ட ஊர்களில் தமிழ் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைய. கோயில்கள் இந்தக் கோட்டைச் சட்டை செய்யவே இல்லை. மார்கழி பிறக்கும்போது அச்சன்கோவில் அய்யன் நகைகள் புனலூர் கருவூலத்திலிருந்து புறப்பட்டு, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு இறங்கி, தென்காசி வந்து, திரும்ப மலை ஏறி அச்சன்கோவிலுக்குப் போகும். கேரளத்துச் சாமி நகை கேரளத்துக் கோயிலுக்குப் போக நம் தெரு வழியாக வருகிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை, ஆரத்தித் தட்டோடு நிற்கிறோம். அதே மாதத்தில் ஆரியங்காவில் அய்யனுக்குத் திருக்கல்யாணம், பெண் வீட்டார் மதுரையிலிருந்து வரும் சௌராஷ்டிரர்கள். கோயில்காரர்கள் அவர்களைச் சம்பந்தி என்றுதான் அழைப்பார்கள். நான் ஒரு வருஷம் போயிருந்தபோது ஒரு மாமி வாசலில் வரவேற்ற ஆளிடம், "சம்பந்தி வீட்டில் காபி கிடைக்குமா கிடைக்காதா?" என்று கேட்டார். அவர் மலையாளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். காபி வந்தது.

இணைப்புக்கு அப்புறம் எங்கள் தொழிலுக்குள் ஒரு வார்த்தை நுழைந்தது. சென்னை அரசின் சட்டங்களில் கன்னியாகுமரி மாவட்டத்தையும் செங்கோட்டைத் தாலுகாவையும் சேர்த்து 'மாற்றப்பட்ட நிலப்பகுதி' என்று ஒரு தனிப் பெயரால் அழைத்தார்கள். சென்னைச் சட்டங்களை இங்கே நீட்டிக்க 1957-இல் ஒரு சட்டம், நிலக்காரரிடம் அரசு நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவர 1964-இல் ஒரு சட்டம். நவம்பர் 1 காலையில் கொடி மாறிவிட்டது, நிலத்தின் கணக்கு மாற வருஷக்கணக்கில் ஆயிற்று. இன்றைக்கும் மூலப் பத்திரத்தில் சமஸ்தானச் சர்வே எண்ணும் இப்போதைய எண்ணும் ஒத்துப்போகாமல் இழுபறியாகிற கேஸ் வரும். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் பழைய எண்ணைச் சொன்னதற்கு, இது எங்கள் மாநில எண்ணே இல்லை என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார் ஒரு இளைஞர். அவர் மேல் தப்பில்லை, யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது உங்கள் நிலம். பெரியப்பா தடுக்கி விழுந்த இடம் இதுதான், அவர் மட்டுமில்லை, பாதிப்பேர் இதில் விழுவார்கள். 'சர்க்கார் ரிசர்வ் காட்டுக்குக் கிழக்கு' என்பதை, கிழக்கு எல்லையில் சர்க்கார் காடு இருக்கிறது என்று வாசித்துவிட்டார். காடு கிழக்கே இருந்தால் நிலம் அதற்கும் மேற்கே, அதாவது மலை மேல், அதாவது கேரளாவில் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நான்கெல்லை எழுதும் முறையே வேறு. 'இன்னார் வயலுக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு' என்று எழுதினால், நம் நிலம் அந்த வயலுக்கு மேற்கே, அந்த வாய்க்காலுக்கு வடக்கே கிடக்கிறது என்று பொருள். வயல் நமக்குக் கிழக்கே இருக்கும், வாய்க்கால் தெற்கே இருக்கும். காட்டுக்குக் கிழக்கு என்றால் காடு நமக்கு மேற்கே, நாம் மலையடிவாரத்தில், புளியறைப் பக்கமே. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் வாசலில் நிறுத்தி, "நீ இந்தத் தூணுக்குக் கிழக்கே நிற்கிறாய், தூண் உனக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பேன். முதல் தடவை சரியாகச் சொன்னவன் ஒருவனோ இருவரோதான்.

ஆக, அந்த ஒரு வரியை வைத்துப் பார்த்தால் நிலம் இந்தப் பக்கம்தான். முழுப் பத்திரத்தையும் பார்க்காமல் இதற்கு மேல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மற்ற மூன்று எல்லையில் என்ன எழுதியிருக்கிறது, குளத்தின் பெயரோ மடைப் பெயரோ வருகிறதா என்று பாருங்கள். மடைப் பெயர் இருந்தால் அது வயல், மலைத்தோட்டம் இல்லை. அதன் பெயரை ஊரில் வயதான விவசாயி யாரிடமாவது சொல்லிக் கேளுங்கள், சர்வே எண் மாறியிருக்கும், மடைப் பெயர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. பழைய சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு செங்கோட்டை தாலுகா அலுவலகத்தில் பழைய எண், புது எண் ஒப்பீட்டுப் பதிவு கேளுங்கள். பிறகு புது எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இடையில் விற்றார்களா, ஒற்றி வைத்தார்களா என்பது ஓரளவுக்குத் தெரியும். தாத்தாவே 1950-களில் விற்றுவிட்டு வீட்டில் சொல்லாமல் இருந்த கேஸும் நான் பார்த்திருக்கிறேன், பெரியப்பாவிடம் அதை இப்போதே சொல்லிவிட வேண்டாம்.